சொரிமுத்து மற்றும் இருபது பேர்

ஆகஸ்ட் 7

காலையில் அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தேன். இந்த வாரம் கடைக்காரர் போட்ட இலை பாதி ஓட்டை, பாதி சருகு. அம்மா இலையைத் திட்டினாள், கடைக்காரரைத் திட்டினாள், கடைசியில் என்னைத் திட்டினாள். குரூப் நாலு தேர்வில் தேறி, கலந்தாய்வுக்குத் தேதியும் வாங்கிவிட்ட மகளைக் கத்தரிக்கோலும் கையுமாக உட்காரவைத்துத் திட்டுவதில் அவளுக்குத் தனி சந்தோஷம். செப்டம்பர் மூன்றாம் தேதி, சென்னை. அதற்குப் பிறகு இலை வெட்ட யார் வருவார்கள் என்று தினமும் கேட்கிறாள்.

இந்த நோட்டின் முன்பக்கம் நடப்பு நிகழ்வுகள். பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுவது என் சொந்த நடப்பு.

மாலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் குழுவில் கேள்வி போட்டேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது? டெலிகிராமில் 'பனையடிக்குளம் வேலைவாய்ப்பு' என்று தேடினால் எங்கள் குழு வரும். காலையில் எந்த அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி, மாலையில் நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. சுற்றுவட்டாரத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அட்மினை 'சார்' என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சார் நான்தான் என்பது சொரிமுத்து அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. குழு தொடங்கும்போதே அவர் சொல்லிவிட்டார்.

"பொம்பளப்புள்ள பேரப் பாத்தானுவன்னா ஒருத்தனும் படிக்க மாட்டான், ஒனக்கு குட் மார்னிங் போட்டே சாவான். பேர மறச்சு வச்சுக்க."

மறைத்து வைத்தேன். 'சார்' என்று கூப்பிடும்போது கொஞ்சம் மிதப்பாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

அவர் இந்த முறையும் புலியைத்தான் அழுத்தினார். "வரையாடுன்னு எத்தன தடவதாண்ணே சொல்ல?" என்றால், "ஏட்டி, காட்டுல புலி நிக்கச்சில ஆட்டப் பிடிச்சு எவன்ட்டி மாநில விலங்குன்னு வைப்பான்? கேள்வியே தப்பு" என்கிறார். பால் வண்டி ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வயது. எழுதாத தேர்வு இல்லை. ஒருவழியாகத் தீயணைப்புத் துறையில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தேறிவிட்டார். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அடுத்த தடவை எழுத வயது இடம் கொடுக்காது.

இன்று அவர் கொண்டுவந்த செய்தி நல்லதாக இல்லை. ஊராட்சியின் பழைய டி.வி. ரூமைத்தான் நாங்கள் படிப்பகமாக வைத்திருக்கிறோம். சாவி அண்ணனிடம், விடியற்காலையில் பால் எடுக்கப் போகுமுன் அவர்தான் திறந்துவைப்பார். அந்த ரூமை ஊராட்சித் தலைவர் தன் மைத்துனருடைய உர மூட்டைகளுக்குக் கொடுக்கப் போகிறாராம். பதினைந்தாம் தேதி கிராமசபை. அதில் தீர்மானம் போட்டு இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார் அண்ணன். கை தூக்க எத்தனை பேர் வருவார்கள் என்று குழுவில் கேட்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 8

கேட்டேன். 'கிராமசபைக்கு வந்து கை தூக்குவீர்களா? வருவேன் / வரமாட்டேன். பயப்படாமல் அழுத்துங்கள். யார் பெயரும் வெளியே தெரியாது.'

இருபத்தொரு பேர் வருவேன் என்று அழுத்தினார்கள். சொரிமுத்து அண்ணன்தான் முதல்.

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. காயவைத்த இலையை அள்ளினதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 9

நஸீரா காலையிலேயே வந்தாள். என் கூடப் படித்தவள், இப்போது போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவள்.

"ஏட்டி சக்தி, நானும் பாக்கேன், லிஸ்ட்ல ஒம் பேரக் காணுமே?"

"எந்த லிஸ்டு?"

"வருவேன்னு அமுக்குனவுக லிஸ்டுதான். தொட்டாப் பேரெல்லாம் வருதுல்லா. எங்க வாப்பா பாத்தாவன்னா கொன்னுருவாவ."

போனை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன.

தினமும் கேள்வி போடும்போது யார் எந்த விடையை அழுத்தினார்கள் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் வைப்பேன். அப்போதுதான் போட்டி இருக்கும், ரோஷம் வரும். கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. பெயர் தெரியாது என்று எழுதிவிட்டு, பெயர் தெரிகிற மாதிரி போட்டிருக்கிறேன். இருபத்தொரு பேரும் ஒரு இரவு முழுக்க அதில் நின்றிருக்கிறார்கள்.

உடனே அழித்துவிட்டேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் வேலை மும்முரத்தில் அழுத்த மறந்துவிட்டேன். வேறு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11

பார்த்திருக்கிறார்கள். தலைவர் வீட்டுக் கார் ஓட்டுகிறவர் டீக்கடையில் வைத்து நஸீராவின் வாப்பாவிடம், "ஒங்க மக பேருதான் மூணாவதா இருக்கு பாய்" என்றாராம்.

குழுவில் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பியது அதில் ஒருவர். இன்று கேள்வி போடும்போது ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு கிராமசபை.

நான் அம்மாவோடும் பீடி சுற்றும் பெண்களோடும் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். வருவதாக அழுத்தினவர்களில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தெரு விளக்கு, குடிநீர், கொசு மருந்து எல்லாம் வாசித்து முடித்துச் செயலர் தீர்மானப் புத்தகத்தை மூடப் போனார். சொரிமுத்து அண்ணன் எழுந்தார்.

"சார், டி.வி. ரூமு படிப்பகமாவே இருக்கணும்னு ஒரு தீர்மானம். கை தூக்குதோம், எண்ணிக்கிடுங்க."

"அது இன்னைக்கிப் பொருள்ல இல்லப்பா" என்றார் செயலர்.

"கிராமசபைல ஊர்க்காரன் கொண்டுவந்தாப் பொருள்தான் சார். எழுதுங்க. பொறவு மூடுங்க."

கைகள் எழுந்தன. நஸீராவும் தூக்கினாள். முக்காட்டைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தூக்கினாள். என் மடியில் அம்மாவின் பை இருந்தது. அதைக் கீழே வைக்க இடமில்லை.

அண்ணன் மேசைக்குப் போய்ப் புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். செயலர் இழுத்தார். ஒரு தாள் பாதி கிழிந்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தலைவர் மட்டும் சிரித்தார். 'கிடைத்தாயா' என்கிற சிரிப்பு.

ஆகஸ்ட் 17

புகார் கொடுத்துவிட்டார்கள். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தது, ஆவணத்தைக் கிழித்தது, செல்போன் வழியாக ஆள் திரட்டியது. யார் மேல் என்றால், 'சொரிமுத்து மற்றும் இருபது பேர்' மேல்.

பரீட்சை எழுதுகிற எங்களுக்குப் பேய், பிசாசு எதுவும் பயமில்லை. எஃப்.ஐ.ஆர். ஒன்றுதான் பயம். அதில் பெயர் ஏறிவிட்டால் விசாரணையில் 'வழக்கு உள்ளது' என்று எழுதுவார்கள். வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆகுமோ, அதற்குள் வயது போய்விடும். இப்போதைக்கு மனு ரசீதுதான் போட்டிருக்கிறார்களாம். விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர்.

அந்த 'மற்றும்' என்ற சொல்லைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. யாரை வேண்டுமானாலும் உள்ளே போடலாம், வெளியே எடுக்கலாம்.

டி.வி. ரூமில் புதுப் பூட்டு தொங்குகிறது. உள்ளே என் பொது அறிவுப் புத்தகம் இரண்டு மாட்டிக்கொண்டன.

ஆகஸ்ட் 18

இன்று கேள்வி போடவில்லை. சார்ஜர் சரியில்லை.

ஆகஸ்ட் 19

ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து டீக்கடையில் விசாரித்தாராம். "அந்தக் குரூப்புக்கு அட்மின் யாருய்யா?" படிப்பகச் சாவி யாரிடம் இருந்தது, யார் முதலில் எழுந்தது, யார் முதலில் அழுத்தியது என்று பார்த்தால் எல்லாம் ஒரே ஆள். ஊர் ஒரே குரலில் சொல்லியிருக்கிறது. அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

சார்ஜரை இன்னும் சரிபண்ணவில்லை.

ஆகஸ்ட் 20

தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பதறி எழுந்ததில் சுற்றின பீடி எல்லாம் தரையில் கொட்டிப்போனது. அவர் குனிந்து நாலைந்தைப் பொறுக்கித் தட்டில் போட்டார். கையில் ஒரு அல்வாப் பொட்டலம்.

"ஒங்க மக பாஸாயிட்டான்னு கேள்விப்பட்டேன். நம்மூர்ப் புள்ள. வாழ்த்தாம இருக்க முடியுமாக்கா?"

"எல்லாம் ஒங்க புண்ணியம் அய்யா" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"நீ சூட்டிக்கான புள்ள தாயி. அந்த லிஸ்ட நானும் பாத்தேன், அதுல ஒம் பேரு இல்ல. எனக்கு அம்புட்டு சந்தோசம். நாளைக்கி வேலைக்கு ஆர்டர் வந்தா, இந்தப் புள்ள எப்பிடின்னு ஊர்ல எங்கிட்டதான கேப்பாவ. நல்ல புள்ளன்னுதான் சொல்லணும். சொல்ல வச்சிரு, என்ன?"

போகும்போது வாசலில் நின்று, "அட்மின் யாருன்னு ஒனக்கு ஏதும் தெரியுமா தாயி?" என்றார்.

"தெரியாதுய்யா."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அல்வாவை யாரும் பிரிக்கவில்லை. அம்மா சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 22

நஸீரா அழுதபடி வந்தாள். 'மற்றும் இருபது பேர்' தப்பிக்க ஸ்டேஷனில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்களாம். ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரில் பெயர் வராது.

"என்ன எழுதணுமாம்?"

"அட்மின் சொரிமுத்து கூப்புட்டாவ, வெவரம் தெரியாமப் போயிட்டோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. எனக்கு எழுத வர மாட்டேங்கு சக்தி. ஒந்தமிழ்தான் நல்லாருக்கும். ஒரு மாதிரி எழுதித் தா."

படிப்பகத்தில் இது பழக்கம். நன்றாக எழுதுகிறவர் ஒரு மாதிரி விடை எழுதிச் சுவரில் ஒட்டுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். பெரும்பாலும் என்னுடையதுதான் ஒட்டுவார்கள்.

நான் எழுத முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அவள் விடியற்காலையில் வாப்பாவுக்குத் தெரியாமல் குளத்துக் கரையில் ஓடி ஓடிப் பாதம் வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் பேர் வரக் கூடாது. அதற்காகத்தான் எழுதினேன்.

அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. 'மேற்படி குழுவின் அட்மினாகிய சொரிமுத்து என்பவரின் தூண்டுதலின் பேரில்...' ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

நஸீரா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 24

என் கடிதம் ஊரைச் சுற்றிவிட்டது. பார்த்துப் பார்த்து எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேலத்தெரு முருகையா அவசரத்தில் நஸீராவுடையதையே பார்த்து எழுதி, கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள, நஸீரா பேகம்' என்று கையெழுத்து வரைக்கும் போட்டுவிட்டானாம். ஸ்டேஷனில் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லி நஸீரா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சாதாரணமாக ஒன்று சொன்னாள்.

"எனக்கு மொதல்ல சந்தேகந்தான், சொரிமுத்து அண்ணனா அட்மினுன்னு. அவுகளுக்கு வரையாடே தெரியாது. ஆனா இப்ப உறுதியாயிட்டு பாத்தியா? பிரச்சினை வந்ததுல இருந்து குரூப்புல ஒரு கேள்வி வரலியே. அவுகதான் போட்டுக்கிட்டு இருந்திருக்காவ. எஸ்.ஐ.யும் அதத்தான் சொல்லுதாராம். ஆளு மாட்டிக்கிட்டான், குரூப்பு படுத்துட்டுன்னு."

அவள் போன பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான் பார்க்கவில்லை. அம்மா கத்தினாள்.

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 26

பால் வண்டிக்குக் காத்திருந்து, தூக்குவாளியோடு போய் நின்றேன். அண்ணன் சவரம் செய்யாமல் இருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே தொடங்கினார்.

"நீ ஒண்ணும் பேசாத. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சும்மா இருக்கேன்."

"இல்லன்னு சொல்லுங்கண்ணே."

"பொறவு யாருன்னு கேப்பான். அதுக்கு என்ன செய்ய? ஒனக்கு மூணாந்தேதி மெட்ராஸுல கூப்புட்டிருக்கான். போயி ஆர்டர வாங்கிட்டு வா. பொறவு பாப்போம்."

"ஒங்க வேலை?"

பால் அளப்பதை நிறுத்தினார். அளவு குவளையிலிருந்து பால் கையில் வழிந்தது. "பயமாத்தான் இருக்கு சக்தி. மெய்யாவே பயமா இருக்கு. எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டா, எம்மவன் தீயணைப்பு வண்டில வரப்போறான்னு. வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுதா." அப்புறம் ஒரு உழக்குப் பால் கூடுதலாக ஊற்றினார். "கேள்வி மட்டும் போட்டுறாத. எவனாவது மோப்பம் பிடிச்சிருவான்."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கேள்வி போடாததுதான் அவரை மாட்டிவிடுகிறது என்று தெரிந்தேதான் கேள்வி போடாதே என்கிறார். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியுமா? என் கையெழுத்து அவருக்குத் தெரியாததா?

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28

அண்ணனைக் காலையிலேயே கூட்டிப் போய்விட்டார்கள். போனை வாங்கி எஸ்.ஐ. மேசையில் வைத்துக்கொண்டாராம். நாளை எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். அவர் ஒருவர் பேர் மட்டும். கடிதம் கொடுத்ததால் 'மற்றும் இருபது பேரை' எடுத்துவிடுவார்களாம். ஊர் நிம்மதியாகிவிட்டது. இத்தனை நாள் தெரியாததுபோல இருந்த நஸீராவின் வாப்பா அவளுக்கு ஓடுவதற்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு நான்கு விடை கொடுத்தால்தான் யோசிக்க வரும். (அ) சொல்வது. (ஆ) சொல்லாமல் இருப்பது. (இ) கலந்தாய்வு முடிந்த பிறகு சொல்வது. (ஈ) வேறு யாராவது சொல்லட்டும். (இ) நல்ல விடை மாதிரி இருக்கிறது. ஆனால் தவறான விடையைத்தான் எப்போதும் பார்வைக்கு நல்ல விடை மாதிரி வைப்பார்கள். கேள்வி தயார் செய்கிறவளுக்கு இது தெரியும்.

அல்வாவில் எறும்பு. அம்மா பொட்டலத்தோடு தூக்கிக் குப்பையில் போட்டாள். "என்ன எழவுட்டி நடக்குது? நீ ஏன் சோறு திங்க மாட்டேங்க?" என்றாள்.

"வயிறு சரியில்லம்மா."

ஆகஸ்ட் 29

மதியம் பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே போய் 'நான்தான் சார்' என்று சொல்வதாக முடிவு. வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே பஸ் நிறுத்தம். இறங்கி நின்றேன். நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். தாழ்வார பெஞ்சில் அண்ணன் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார். அவருடைய அம்மா வாசல் வேப்பமரத்தடியில் சோற்று வாளியோடு நின்றாள்.

என்னால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. கால் வரவில்லை என்று கதையில் எழுதுவார்கள், நான் நம்பினதில்லை. மெய்யாகவே வரவில்லை. பஸ்கள் வந்தன, போயின. ஒரு கண்டக்டர், "ஏறுதியாம்மா, இல்லியா?" என்று எரிந்து விழுந்தார். மூன்றாம் தேதி என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா இருபது வருஷமாகச் சுற்றின பீடி எல்லாம் அந்த மூன்றாம் தேதிக்காகத்தான்.

வெயில் தாழ்ந்தது. ஆறு மணி ஆகப் போகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷப் பழக்கம். போனை எடுத்தேன். ரோட்டைத் தாண்ட வராத எனக்கு வரக்கூடியது இது ஒன்றுதான்.

குழு அமைப்புக்குள் போய், என் பெயரை மறைத்து வைத்திருந்த பொத்தானை அணைத்தேன். பிறகு எழுதினேன்.

'பிரம்மசக்தி, அட்மின். இரண்டு வருடமாகக் கேள்வி போடுவது நான்தான். கிராமசபைக்கு வருவீர்களா என்று கேட்டதும் நான்தான். பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெரிகிற மாதிரி போட்டதும் நான்தான். நீங்கள் பார்த்து எழுதின கடிதமும் நான் எழுதியது. அதில் இருந்தது பொய். இன்றைய கேள்வி: தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது? யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே அழுத்துங்கள்.'

வரையாடு, புலி, யானை, புள்ளிமான்.

அனுப்பிவிட்டேன்.

எதிரே எஸ்.ஐ. அறையில் அந்த மேசைமேல் அண்ணனின் போன் இந்நேரம் ஒரு சத்தம் கொடுத்திருக்கும். அது எனக்குக் கேட்காது. கேட்டதுபோலத்தான் இருந்தது. அண்ணன் பெஞ்சில் தலை நிமிர்ந்தார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

நான் என்ன செய்தேன் என்றால், வந்து நின்ற பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டேன். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை எங்கள் ஊர்ப் பஸ்தான்.

நூற்றுக்கு மேல் பதில் வந்துகொண்டிருந்த குழு. பாலம் தாண்டும்வரை ஒருவரும் அழுத்தவில்லை. பத்துப் பதினைந்து பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள். ஒவ்வொரு பெயராக வெளியேறுவது திரையில் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு பெயர். நஸீரா. வரையாடு. கொஞ்ச நேரம் கழித்து முருகையா. வரையாடு. இன்னும் மூன்று பேர். அவ்வளவுதான்.

ஊர் நெருங்கும்போது ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பெண் குரல்.

"பிரம்மசக்தியா? அந்தக் குரூப்பு அட்மின் நீதானா?"

"ஆமா மேடம்."

"சொரிமுத்து என்ன வேணும் ஒனக்கு? சொந்தமா?"

"இல்ல மேடம். ஒண்ணாப் படிக்கோம்."

"காலைல பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வா. ஆதார், மார்க் ஷீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

மார்க் ஷீட் எதற்கு என்று கேட்க நினைத்தேன். வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா அடிக்க வந்தாள். ஒரு அடி விழுந்தது. அதன் பிறகு அடித்த கையாலேயே என் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். "போச்சேட்டி, எல்லாம் போச்சே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை என்று நஸீரா சொல்லி அனுப்பினாள். அப்படியென்றால் இருவருமா? இருவர் பெயருமா? நான் சொல்லியும் பிரயோஜனம் இல்லையா?

ஆகஸ்ட் 30

விடியற்காலை. சென்னைக்குக் கொண்டுபோக அடுக்கி வைத்த கோப்பையே எடுத்து வைத்திருக்கிறேன். அதே சான்றிதழ்கள், அதே வரிசை. ஸ்டேஷனுக்கு அம்மாவும் வருகிறாளாம். விசேஷத்துக்கு உடுத்துகிற சேலையை எடுத்துக் கட்டியிருக்கிறாள். என்ன கேட்பார்கள், என்ன எழுதுவார்கள், மூன்றாம் தேதி நான் எங்கே இருப்பேன், எதுவும் தெரியாது.

கிளம்புமுன் போனைத் திறந்தேன். நேற்றைய கேள்விக்குப் புதிதாக ஒரு பதில். அவர் வழக்கமாக டி.வி. ரூமைத் திறக்கிற நேரத்துக்கு வந்திருக்கிறது. போன் கைக்குத் திரும்பினால்தான் அழுத்த முடியும்.

சொரிமுத்து. புலி.